வரதன் என்றொரு ஃபோல்டர்

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்காகச் சுங்கத்தில் கொடுக்கவேண்டிய காகிதங்களைத் தயார் செய்வது எங்கள் வேலை. ஒன்பது கம்ப்யூட்டர், பதினோரு பேர், ஒரே ஒரு ஏ.சி. அந்த ஏ.சி. சிஸ்டம் மேனேஜர் வரதன் சாருடைய அறையில் இருந்தது. மெஷின் சூடாகக் கூடாதாம்.

தொண்ணூற்றொன்பதில் அவர் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சரக்கு விவரத்தை உள்ளே அடித்தால் ஷிப்பிங் பில் அச்சாகி வரும். அதுவரை நாலு கார்பன் வைத்து டைப்ரைட்டரில் தட்டித் தட்டி விரல் வீங்கிக் கிடந்தவள் நான். அவர் வந்த நாளில் நானே எழுந்துபோய் டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு மூன்று வருஷம் அது என் வேலையாகவே ஆகிவிட்டது.

அந்தப் புரோகிராமுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கம்ப்யூட்டரில் டி டிரைவ் இருக்கவேண்டும். அதில் வரதன் என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் இருக்கவேண்டும். எல்லாக் காகிதமும் D:\VARADAN என்ற பாதையில்தான் போய் உட்காரும். ஒரு எழுத்து மாறினாலும் 'பாத் நாட் ஃபவுண்ட்' என்று திரையில் விழுந்து படுத்துவிடும். ஆக, ஒன்பது பேரும் தினம் காலையில் வரதனைத் திறந்துதான் வேலையைத் தொடங்கினோம்.

ஏன் உங்கள் பேரை வைத்தீர்கள் என்று முதலாளி ராமதாஸ் ஒருதடவை கேட்டார். "அது ஒரு செக்யூரிட்டி சார்" என்றார் வரதன். முதலாளிக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய்விட்டது. அடுத்த வாரம் வந்தவர்களிடமெல்லாம் தம் ஆபீசில் செக்யூரிட்டி இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்.

ஒரு மெஷின் கெட்டுப்போய்த் திரும்பி வந்தால் வரதன் சார் அதை அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அரை நாள் ஆகும். உள்ளே ஏதோ பெரிய வைத்தியம் நடப்பதாக நாங்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவோம்.

இரண்டாயிரத்து இரண்டில் எழில்மொழி வந்தாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு, கம்ப்யூட்டர் டிப்ளமா, இருபத்திரண்டு வயசு. டேட்டா என்ட்ரிக்கு எடுத்தார்கள். வந்த இரண்டாவது வாரம், ஒரு மெஷினுக்கு வைத்தியம் நடக்கும்போது, கையெழுத்து வாங்க அந்த அறைக்குள் சட்டென்று போய்விட்டாள். திரும்பி வந்து என் காதில் சொன்னாள்: "அக்கா, ஃபோல்டர் காப்பி பண்ண அஞ்சு நிமிஷம். மீதி நேரமெல்லாம் சீட்டாடிகினு கீறாரு."

அவள் பேச்சு அப்படித்தான். வரதனுக்கு அது ஆகாது. இந்தத் துறைக்கு வந்தால் பாஷையை மாற்றிக்கொள்ள வேண்டும், கிளையண்ட் காதில் விழுந்தால் கேவலம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இவர் பிறந்து வளர்ந்தது எர்ணாவூர். எங்கள் ஆபீஸ் படி ஏறும்போது மட்டும் மயிலாப்பூர்க்காரராகி, இறங்கும்போது பழையபடி ஆகிவிடுவார். எழில்மொழி சரி சார் என்றாள். பாஷையை மாற்றவில்லை.

அந்த வருஷம் மணலி புதுநகரில் கன்டெய்னர் யார்டுக்குப் பக்கத்தில் முதலாளி ஒரு கிளை திறந்தார். செலவைக் குறைக்கப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டார். அதில் சி டிரைவ் மட்டும்தான். சிடி போடுகிற இடம்கூடக் கிடையாது. திறந்த மூன்றாம் நாளே பன்னிரண்டு கன்டெய்னர் இறால், சாயந்தரம் ஐந்து மணிக்குள் காகிதம் போகவேண்டும். புரோகிராம் ஓடவில்லை. வரதன் சார் திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டிருந்தார். செல்போனை அணைத்து வைத்திருந்தார்.

முதலாளி வியர்த்துப்போய் நின்றார். தான் போய்ப் பார்க்கட்டுமா என்று எழில்மொழி கேட்டாள். வேறு ஆள் இல்லாததால் சரி என்றார். காவலுக்கு என்னையும் வேனில் ஏற்றி அனுப்பினார். எதற்குக் காவல் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அங்கே போய் உட்கார்ந்து, மூன்று ஃபிளாப்பியிலிருந்து புரோகிராமைச் சி டிரைவில் இறக்கினாள். வரதன் என்று ஒரு ஃபோல்டர் போட்டாள். பிறகு கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தாள். சி டிரைவையே டி என்றும் கூப்பிடலாம் என்று கம்ப்யூட்டரை நம்பவைக்கிற கட்டளையாம் அது. புரோகிராம் டியைத் தேடியது, கிடைத்தது, வாயை மூடிக்கொண்டு பில் அடித்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மெஷினை அணைத்தால் இந்த ஏற்பாடு கலைந்துபோகும் என்று ஒரு பேப்பரில் எழுதித் திரைமேல் ஒட்டிவிட்டு வந்தோம். நாலேகாலுக்குக் காகிதம் போய்ச் சேர்ந்தது.

மொட்டைத் தலையோடு வந்த வரதன் லட்டைக் கொடுக்கும் முன்பே விஷயம் தெரிந்து கொதித்துப்போனார். தன் புரோகிராமில் கைவைத்தது யார், டேட்டா மொத்தமும் அழிந்திருந்தால் யார் பொறுப்பு என்றார். ஆனால் முதலாளிக்கு வேறு கணக்கு ஓடியது. டி இல்லாமலே ஓடுமென்றால், அணைத்துப் போட்டாலும் ஓடும்படி செய்ய முடியாதா என்று கேட்டார். மூன்று மாசம் ஆகும் என்றார் வரதன். ஒரு நாள் போதும் என்றாள் எழில்மொழி. பாதையைப் பேர் சொல்லி எழுதாமல், புரோகிராம் தான் எந்த ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறதோ அதைத் தானே கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி எழுதினால் எங்கே வைத்தாலும் ஓடும் என்றாள். முதலாளி மூலப்பிரதியைக் கொடுக்கச் சொன்னார். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று வரதன் இரண்டு நாள் இழுத்தார். மூன்றாம் நாள் ஏ.சி.யைக் கழற்றி மணலிக்கு அனுப்பலாமா என்று முதலாளி வாய்விட்டு யோசித்தார். பாஸ்வேர்டு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

எழில்மொழி எண்ணிப் பார்த்தாள். வரதன் என்ற பேர் முந்நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் இருந்தது. அத்தனையும் மாற்றினாள். எல்லாம் ஓடியது, ஒரே ஒரு பொத்தானைத் தவிர. காலாண்டு அறிக்கை என்று ஒரு பொத்தான். முதல் நாளிலிருந்தே அதை அழுத்தினால் 'பாத் நாட் ஃபவுண்ட்' என்றுதான் வரும். அடுத்த வெர்ஷனில் சரியாகும் என்று வரதன் மூன்று வருஷமாகச் சொல்லிவந்தார்.

முதலாளியும் வரதனும் பின்னால் நிற்க, எழில்மொழி அந்தப் பொத்தானுக்கான வரிகளைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்: "சார், ஜோதிகான்றது யாரு?"

அங்கே ஏழு இடத்தில் D:\JOTHIKA\PROJECT என்று இருந்தது. இவர் அந்தப் பேரை எடுத்துவிட்டுத் தன் பேரை ஒவ்வொன்றாகக் கையால் போட்டிருக்கிறார். ஏழு இடம் தப்பிவிட்டது. ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்ற வழி இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

வரதன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். இங்கே வருவதற்கு முன் திருவொற்றியூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியாராக இருந்ததாகவும், ஜோதிகா அங்கே படித்த பெண் என்றும், கொஞ்சம் உதவி செய்தாள் என்றும் சொன்னார். எவ்வளவு உதவி என்று யாரும் கேட்கவில்லை. முதலாளி கேட்டது ஒன்றுதான்: "இப்ப அந்த ரிப்போர்ட் வருமா?" எழில்மொழி ஏழு இடத்தையும் மாற்றிப் பொத்தானை அழுத்தினாள். மூன்று வருஷத்து அறிக்கை அச்சாகிக்கொண்டே இருந்தது. முதலாளி அதைக் கையில் அள்ளிக்கொண்டு சந்தோஷமாகத் தம் அறைக்குப் போய்விட்டார். வரதனுக்கு வேலையும் போகவில்லை, ஏ.சி.யும் போகவில்லை. எழில்மொழிக்கு ஒரு டப்பா மைசூர்பாகு கிடைத்தது.

அடுத்த ஞாயிறு அவள் என்னையும் கூட்டிக்கொண்டு திருவொற்றியூர் சென்டருக்குப் போனாள். பழைய ரிஜிஸ்டரில் எர்ணாவூர் குப்பத்து விலாசம் இருந்தது. ஜோதிகா வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். விசைப்படகுக் குடும்பம். அவளும் ஒரு ஐஸ் கம்பெனியில் டோக்கன் எழுதும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எழில்மொழி விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை அவள் ஈரத் துணியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஓடுதா?" என்றாள்.

"தெனமும் ஓடுது. ஒம்பது மெஷின்ல."

உன் புராஜெக்ட் ஓடவே இல்லை, அடிப்படையே தப்பு, உனக்கு இந்தத் துறை வராது என்று வரதன் அவளிடம் சொல்லியிருந்தார். அவளும் நம்பிவிட்டாள். அந்த ஃபிளாப்பிகளை அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். அழவில்லை. துணியைக் கொடியில் போட்டு, மடிப்பை நீவிவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு உங்கள் முதலாளி வருவார் என்று கேட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு வந்து நின்றாள். அவளுக்கு ஏ.சி. வேண்டாம், வேலையும் வேண்டாம். புரோகிராமை எழுதியது அவள் என்று கம்பெனி லெட்டர்பேடில் ஒரு கடிதம், அவ்வளவுதான். முதலாளி நெளிந்தார். எழில்மொழி அந்த அறிக்கை இனிமேலும் காலாண்டுக்கு ஒருதடவை வரவேண்டும் அல்லவா என்று மட்டும் சொன்னாள். கடிதத்தை டைப் செய்ய என்னிடம் சொன்னார்கள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தைக் காட்டி ஜோதிகா விம்கோ நகரில் ஒரு கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்தாள். ஆறு மாசத்தில் எழில்மொழியும் அங்கேயே போய்விட்டாள். தானே இரண்டு பேரையும் உருவாக்கியதாக வரதன் புதிதாக வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆனால் அன்றைக்கு, கடிதத்தில் முதலாளியோடு சிஸ்டம் மேனேஜரும் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஜோதிகா சொல்லிவிட்டாள். வரதன் போட்டார். அவள் நின்றபடியே வாசித்தாள். தன் பேரில் ஒரு எழுத்தை நான் விட்டிருப்பதைக் காட்டி, "திரும்ப அடிச்சுக் குடுங்கக்கா" என்றாள். அடித்துக் கொடுத்தேன். வரதன் சார் பேனாவை மறுபடியும் திறந்தார்.