மீன்காரம்மா கேட்ட கேள்வி

முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக விசில் ஊதியவன் நான். கீழே விழுந்து அழும் பையன்களை, "எழுந்து ஓடுடா" என்று விரட்டியவன். போன ஜூனில் எனக்குப் பக்கவாதம் வந்தது. மூன்று மாதத்தில் கையும் காலும் ஓரளவு சரியாயின. கண்ணீர்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

பஸ் வந்து நின்றால் அழுகை. டிவியில் சோப்பு விளம்பரம் வந்தால் அழுகை. மனசில் ஒன்றுமே இருக்காது, உடம்பு மட்டும் குலுங்கும். உட்கார முடியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பேன்.

எங்கள் பெசன்ட் நகர் செபக்கூட்டத்தில் இதைப் பார்த்துவிட்டு, ஆவியானவர் தொட்டுவிட்டார் என்று கைதட்டினார்கள். வாராவாரம் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. நோய் என்று சொல்வதைவிட அது கௌரவமாக இருந்தது. டாக்டரிடம்கூட கை, கால் பற்றி மட்டும்தான் பேசினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஜனவரியில் மகள் ஷீலாவுக்குக் கல்யாணம். அவள் கையைப் பிடித்துப் பீடம் வரை நடக்க வேண்டியவன் நான். நடுவழியில் ஓவென்று அழுதால்? கோவிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஷீலா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். செத்தால் தேவலை என்றிருந்தது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை கோவிலில் மாதா முன்னால் நின்று, எனக்கு என்ன ஆச்சு என்று யாராவது சொல்லட்டும் என்று சண்டையே போட்டேன்.

வெளியே வந்து மீன் வாங்க நின்றேன். சங்கரா என்ன விலை என்று கேட்கும்போதே குலுங்க ஆரம்பித்துவிட்டேன். மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"சார், அழுவும்போது உள்ள நெசமாவே துக்கமா கீதா?"

ஐந்து மாதத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. இல்லை என்று தலையாட்டினேன்.

"எங்க வூட்டுக்காருக்கும் வாதம் வந்தப்போ இப்டித்தான். டாக்டராண்ட சொல்லு சார், மாத்திரை கீது."

திங்கட்கிழமையே போய்ச் சொன்னேன். மூளையில் பட்ட அடியால் வரும் அழுகை இது, கூடவே மனச்சோர்வும் இருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை தந்தார். உடனே நிற்கவில்லை, கிறிஸ்துமஸுக்குள் பாதியாகக் குறைந்தது. செபக்கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். இரண்டு மூன்று பேருக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

கல்யாணத்துக்கு வருகிறேன் என்றதும் ஷீலா மறுபடி பேசினாள். அன்று அவள் கையைப் பிடித்து, ஒரு காலை இழுத்து இழுத்துப் பீடம் வரை நடந்தேன். அழவில்லை. சாயங்காலம் ஷீலா காரில் ஏறும்போது கண் நிறைந்தது. என் மனைவி ரோஸி பயந்துபோய், "நெஜமாவே துக்கமா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

மாதாவுக்கு நன்றி. மாத்திரையையும் அவர் தந்ததாகவே தினமும் விழுங்குகிறேன். நீங்களும் நம்பிக் கேளுங்கள், பதில் மீன்கடையிலிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாராவது அழுதால், கைதட்டும் முன் அந்த அம்மா கேட்டதைக் கேளுங்கள்.