ஆறு விரல் மோகினி

சென்னீர்குப்பத்தில் என் பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அக்கா யாரையும் லேசில் மன்னிக்கிற ஆள் இல்லை. 'ஈரக்கூந்தல் மோகினி' படத்தை எடுத்த வீரராகவனை முப்பத்தெட்டு வருஷமாக மன்னிக்கவில்லை. ஆனால் தன் கையில் சிக்கும்வரை அந்த ஆள் நல்லபடியாக உயிரோடு இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றி வந்தார்.

அப்போது அக்காவுக்குப் பத்தொன்பது வயது. அவர்கள் நிலத்துக் கிணற்றில்தான் படப்பிடிப்பு. தண்ணீரைப் பார்த்ததும் கதாநாயகி இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். தினமும் அதில் குதித்து நீந்துகிற அக்காவுக்கு முகத்தில் பவுடரை அப்பி, வெள்ளைச் சேலை சுற்றி இறக்கினார்கள். குடைத்துணியில் வௌவால், சாம்பிராணிப் புகையில் ஆவி, பப்பாளிக்காயில் மண்டையோடு. அவ்வளவுதான் மொத்தப் பயங்கரமும். மூன்று நாள் ஈரத்திலேயே கிடந்து, கிணற்றுப் படியேறி வந்து அலறியது அக்காதான். "டைட்டில்ல உன் பேர் வரும்மா" என்று வீரராகவன் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தப் பேரைப் பார்க்க டிராக்டரில் ஏறி ஊரே பூந்தமல்லி தியேட்டருக்குப் போனது. பேர் வரவில்லை. படியேறும் காட்சியில் சேலை விலகி, அக்காவின் இடது காலில் உள்ள ஆறு விரலும் பளிச்சென்று தெரிந்தன. பேய்க்குக் கால் ஏது? தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. நியாயம் கேட்கப் போனால், "உன் காலாலதான் என் படம் ஊத்திக்கிச்சு, பேரு வேற கேக்குதா?" என்று விரட்டினார் அந்த மனுஷன். அன்றிலிருந்து ஊருக்கு அக்கா 'பேய்'. பெண் பார்க்க வந்தவர்கள்கூட "பேய் ஊடு எது?" என்றுதான் விசாரித்தார்களாம். கேட்கிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருஷம் யாரோ அந்தப் படத்தை யூடியூபில் ஏற்றினார்கள். காலேஜ் பிள்ளைகள் அந்தப் பப்பாளிக்கும் ஆறாவது விரலுக்கும் கோயில் கட்டாத குறை. கிருஷ்ணப்பிரியா என்ற மாணவி நசரத்பேட்டை மண்டபத்தில் படத்தைப் போட்டு, வீரராகவனுக்குப் பாராட்டு விழாவும் வைத்தாள். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

படியேறும் காட்சிக்குக் கைதட்டல் காதைப் பிளந்தது. படம் முடிந்ததும், அந்த ஆறாவது விரல் யோசனை எப்படித் தோன்றியது என்று கிருஷ்ணப்பிரியா மேடையில் கேட்டாள்.

"எல்லாரும் கால் இல்லாத பேய் எடுத்தாங்க. நான் ஒரு விரல் கூடவே வெச்சேன். என் கற்பனைம்மா அது. ரப்பர்ல செஞ்சது" என்றார் வீரராகவன், கூசாமல்.

அக்கா விறுவிறுவென்று மேடையேறினார். செருப்பைக் கழற்றி, இடது காலைத் தூக்கி, மாலைகள் இருந்த மேசைமேல் வைத்தார்.

"ரப்பரா? இழுத்துப் பாரு நைனா. வந்துச்சுன்னா எடுத்துக்கினு போ."

மண்டபம் விசிலில் அதிர்ந்தது. வீரராகவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "நீயாம்மா... உன் பேரு..."

"இன்னா, மறந்துட்டியா? பூங்காவனம். மைக்ல சொல்லு. மூணு நாளு நனைஞ்சேன், மூணு தபா சொல்லு."

சொன்னார். மூன்று தடவையும். அதற்குப் பிறகுதான் அக்கா காலை இறக்கினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்காக அக்கா விளக்கேற்றவில்லை.