காமனை எரிக்கச் சொன்ன குற்றம்

இந்த நாட்டில் அப்பளம் பொரித்த புகைக்கே கூரையில் ஒட்டியிருக்கும் வட்டப் பெட்டி அலறுகிறது. இலங்கை மலையகத்தில், நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் கண் எரிய விறகு ஊதிச் சமைத்த நான், லண்டனுக்கு வந்து ஐந்து வருஷமாகியும் துவாலையை விசிறிக்கொண்டு அதனிடம் கெஞ்சுகிறேன்.

படித்தது ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் கூடினால் கதவுக்குப் பின்னால் நிற்பேன். இங்குள்ள சமூக நிலையத்தில் வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கி, ஊர்க்காரர்களோடு எழுதிப் பேச இணையத்தில் ஒரு பக்கமும் திறந்து தந்தார்கள். முகம் தெரியாத இடம் என்றதும் எனக்கு வாய் நீண்டுவிட்டது. என்னோடு கொழுந்து பறித்த மாரியாயி, பதுளை டவுன் கம்ப்யூட்டர் கடையில் மகளை எழுதவைத்துப் பதில் போடுவாள். அவள் வீட்டில் போன் இல்லை. எங்களுக்கு இருந்த ஒரே வழி அந்தப் பக்கம்தான்.

மாசி வந்தது. தோட்டத்து இளசுகள் காமன் கூத்தைக் கைவிடப் பார்க்கிறார்கள் என்று எழுதினாள். எனக்கு ஆத்திரம். "காமனை விடாதீர்கள். வைக்கோல் சுற்றிச் சாம்பலாகும்வரை எரியுங்கள். லயத்துக்கு ஒருவர் கட்டாயம் வரவேண்டும்" என்று போட்டேன். மறுநாள் பக்கம் பூட்டிக் கிடந்தது. நிலையத்துக்கு அழைத்தார்கள்.

வெள்ளைக்கார அதிகாரியம்மா கையில் ஒரு தாள். எது பயங்கரவாதம், எது வன்முறைத் தீவிரவாதம் என்று அதில் வரிசையாகக் கேள்விகள். இணையத்தில் எழுதுவதற்கும் பொருந்துமாம். மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்து ஐயா.

"ஆரம்மா இந்தக் காமன்? எங்கட பக்கம் இப்பிடி எரிக்கிறேல்லையே."

"மன்மத சாமிங்க. ரதியோட புருஷன்."

"அவருக்கு எதிரா வன்செயல் நடக்குமோ எண்டு கேக்கிறா."

"ஆமாங்க, வருஷா வருஷம்."

"மதக் காரணமோ?"

"பின்னே? சிவன் தவத்தைக் கலைச்சாருல்ல."

ஐயா பேனாவை வைத்தார். "எல்லாத்துக்கும் ஓம் எண்டால் பக்கத்தை ஒரேயடியா மூடிப்போடுவினம்."

"சாமி விஷயத்துல பொய் சொல்லச் சொல்றீங்களாய்யா?"

தொண்ணூறுகளில், சண்டைக்காலம், காமனுக்கான கரும்பு வில்லோடு என் வீட்டுக்காரர் பஸ்ஸில் வந்தார். ஹல்துமுல்லைச் சோதனைச் சாவடியில் வில்லைப் பார்த்த ஆமிக்காரர் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். இவர் நுனியை முறித்து நீட்டினார். அவர் மென்று பார்த்து, இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிக்கொண்டு அனுப்பினார். அந்த வருஷம் எங்கள் காமனுக்கு அரை வில்தான். திரையில் இருக்கும் எழுத்தை யார் கடித்துப் பார்ப்பது?

"மூணாம் நாளு எழுப்பிடுவோமுங்க" என்றேன்.

"எரிச்ச ஆளையோ?"

"அவரையேதாங்க."

அதிகாரியம்மா தாளை முன்னும் பின்னும் புரட்டினார். அதற்குக் கட்டம் இல்லை. சிரித்துவிட்டார். ஆனாலும், 'இது வெறும் நடிப்பு, உண்மையில் யாரும் எரிக்கப்படுவதில்லை' என்று நான் எழுதியதற்குக் கீழே சேர்த்தால்தான் பக்கம் திறக்கும் என்றார். மாரியாயியை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

பௌர்ணமி கழிந்து அவள் பதில் வந்தது. "நேத்து எரிச்சோம்டி. ரதி அழுதப்ப உனக்கும் சேத்து நானே ரெண்டு தரம் அழுதேன். அதென்ன கீழ வெறும் நடிப்புன்னு எழுதியிருக்கு? எந்த எடுபட்டவ எழுதுனா?"

நிலையத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து போகும்வரை காத்திருந்தேன். பிறகு, ஒற்றை விரலால், "இங்கே ஒருத்தி இருக்கிறாள், நான் கண்டித்து வைக்கிறேன்" என்று எழுதினேன்.