அத்தான் பாட்டிலில் வைத்திருந்த கசடு

எங்கள் அத்தானிடம் வாயைக் கொடுத்தால் மீள்வது கஷ்டம். என் அக்காவுக்குக் கணவராக வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், மனுஷனுக்குக் குழாயைத் தவிர வேறு பேச்சு கிடையாது. தொழில் பிளம்பர். அதிலும் அடைப்பு எடுப்பதில் கெட்டிக்காரர். தெருவில் அவருக்குப் பெயரே பைப்பண்ணன்தான். சாப்பிட உட்கார்ந்தால் போதும், இன்று எந்த வீட்டுத் தொட்டிக்கடியில் என்ன கிடந்தது என்று ஆரம்பித்துவிடுவார். "அத்தான், புண்ணியமாப் போகும், நான் சாப்பிட்டு முடிச்சிடுறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். "நீ காதப் பொத்திக்கிட்டா அடைப்பு போயிடுமா?" என்பார்.

அவர் பையில் நீளவாக்கில் அறுத்த பழைய பைப் துண்டு ஒன்று எப்போதும் இருக்கும். உள்ளே விரல் நுழையாத அளவுக்குக் கொழுப்பும் அழுக்கும் இறுகிப் போயிருக்கும். போகிற வீடுகளில் எல்லாம் அதை எடுத்துக் காட்டுவார். "மேல பாத்தா தண்ணி போய்க்கிட்டுத்தான் இருக்கும். உள்ள பாருங்க, கதைய!" பார்த்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், ஆனால் நம்பிவிடுவார்கள். நம்பலாம்தான். வேலையில் ஏமாற்று கிடையாது, பழைய பைப்பில் ஆசிட் ஊற்றமாட்டார், எடுத்த அழுக்கை அவரே கூட்டி அள்ளிவிட்டுத்தான் கிளம்புவார்.

அக்காவும் நானும் ஒரே லாண்டரியில் இஸ்திரி போடுகிறோம். பக்கத்துப் பக்கத்து மேஜை. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. சரியான மாத்திரை அமைந்த பிறகு பல வருஷமாக ஒன்றும் இல்லை. காலையும் இரவும் மாத்திரையையும் தண்ணீரையும் கையில் கொண்டுவந்து கொடுப்பது அத்தான்தான். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். ஆனால் கொடுக்கும்போதெல்லாம் ஒரு கவலை. "இத்தன வருஷமா முழுங்குனதெல்லாம் எந்த வளைவுல போய் ஒட்டிக்கிட்டிருக்கோ!" அக்கா சிரித்துக்கொண்டே முழுங்குவாள்.

இந்த மனுஷனைத்தான் ஒருத்தன் ஒரே வரியில் விழ வைத்தான்.

குடல் சுத்தம் செய்கிற நிலையம் என்று புதிதாக ஒன்று திறந்திருந்தார்கள். அங்கே குளியலறை வேலைக்குப் போனார் அத்தான். கண்ணாடிக் குழாய், நீளமான ட்யூப், சாய்வுப் படுக்கை எல்லாம் பார்த்திருக்கிறார். நிலையத்துக்காரன் தோளில் கை போட்டு, "நீங்க பைப்புக்குப் பண்றதத்தான் அண்ணே நாங்க உடம்புக்குப் பண்றோம்" என்றானாம். வேறு என்ன சொல்லியிருந்தாலும் அத்தான் நம்பியிருக்கமாட்டார். வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று ஒரு பொடியையும் தலையில் கட்டி அனுப்பினான். காலையில் பொடி, மத்தியானம் பேதிக்கு ஒரு டீ, சாப்பாடு பாதி, தண்ணீர் மட்டும் குடம் குடமாக.

சில நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். கழிவறைக்குள்ளிருந்து, "எல்லாரும் வாங்க! வந்திருச்சு!" என்று கத்தல். அடக் கொடுமையே, என்னவோ ஏதோ என்று ஓடினேன். கழுவி எடுத்த ஒன்றைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கறுப்பாக, ரப்பர் மாதிரி, கயிறு கயிறாக. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"பாத்தியா மச்சினி, குடல் எப்படி வளையுதோ அப்படியே அச்சு எடுத்த மாதிரி வந்திருக்கு! எத்தன வருஷத்துக் கசடு! இத வச்சுக்கிட்டுத்தான் இத்தன நாளா நடமாடியிருக்கேன்."

"சந்தோஷம் அத்தான். அத ஏன் பாட்டில்ல வளக்குறீங்க? பேர் வைக்கப் போறீங்களா?"

என் கிண்டல் எல்லாம் அவர் காதில் ஏறவில்லை. அறுத்த பைப் ஒரு கையில், பாட்டில் மறு கையில். போகிற வீட்டில் எல்லாம் இதே கச்சேரி. பைப்பண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பாதித் தெரு அந்தப் பொடியை வாங்கியது.

அதோடு நின்றிருந்தால் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கமாட்டேன். அக்காவையும் குடிக்கச் சொன்னார். உள்ளே சுத்தமாகிவிட்டால் வலிப்பே அடியோடு போய்விடும், பிறகு மாத்திரையே வேண்டாம் என்பது அவர் கணக்கு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"டாக்டர் என்ன, பைப்பக் கழட்டிப் பாத்தவரா? பாட்டில்ல இருக்கிறது கண்ணுக்குத் தெரியுதுல்ல?"

"விடுடி" என்றாள் அக்கா. "எனக்கு நல்லதாகணும்னு ஆசைப்படுறார். மாத்திரையை ஒண்ணும் நிறுத்தலையே. அதுபாட்டுக்கு அது, இதுபாட்டுக்கு இது."

அக்கா இளைத்தாள். தலைவலி என்றாள். மேஜையில் துணியை மடிக்கும்போது கை தடுமாறியது. நான் சண்டைக்குப் போனால், "கசடு கிளம்பும்போது அப்படித்தான் இருக்கும்னு பாக்கெட்லயே போட்டிருக்கான்" என்பார் அத்தான். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? உடம்பு நன்றாக இருந்தால் பொடி வேலை செய்கிறது. உடம்பு கெட்டால் பொடி இன்னும் நன்றாக வேலை செய்கிறது. அக்காவுக்கும் அதேபோல் கறுப்புக் கயிறு வந்ததும் அவர் முகத்தில் வந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே!

ஒரு நாள் முற்பகல். லாண்டரியில் ஆவி போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அக்கா ஒரு வெள்ளைச் சட்டையின் கையை விரித்து வைத்திருந்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் பாதி வார்த்தையில் நின்றாள். திரும்பிப் பார்த்தேன். கண் மேலே செருகியிருந்தது. அடுத்த நொடி உடம்பு விறைத்து மேஜை மேல் சரிந்தாள், அங்கிருந்து தரைக்கு. இஸ்திரிப் பெட்டியும் அவளோடு விழுந்தது. அவள் வலது கை மேலேயே விழுந்தது. அவள் உதறுகிறாள், பெட்டி கையோடு கிடக்கிறது, எனக்கு ஓடவும் வரவில்லை, கத்தவும் வரவில்லை.  லாண்டரிக்காரர்தான் பாய்ந்து வந்து வயரைப் பிடித்து இழுத்தார். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. துணி கருகும் நாற்றம் எனக்குப் பழக்கம். இது துணி இல்லை.

ஒரு வலிப்பு அடங்கி, கண் திறக்காமலே அடுத்தது வந்தது. ஆம்புலன்ஸில் மறுபடியும்.

ஆஸ்பத்திரிக்கு அத்தான் வேலை உடுப்போடு, கையில் குழாய் திருகும் இரும்புச் சாவியோடு ஓடிவந்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா பிழைப்பாளா என்று கேட்டால், பார்ப்போம் என்றார்கள். 

ரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா வந்தார். வயதில் என்னைவிடச் சின்னவர்.

"மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க?"

"நிறுத்தவே இல்லம்மா" என்றார் அத்தான். "ஒரு வேளகூட விடல. நானே கையில கொடுத்து, முழுங்குறவரைக்கும் நின்னு பாக்குறேன்."

"ரத்தத்துல மருந்து பேருக்குத்தான் இருக்கு. உப்புச்சத்தும் கிடுகிடுன்னு இறங்கியிருக்கு. வேற என்ன சாப்பிட்டாங்க?"

அத்தான் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன். பொடி, பேதி டீ, குடம் குடமாகத் தண்ணீர், ஒன்று விடாமல் எல்லாம்.

டாக்டரம்மா ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். "அந்தப் பொடியில பெரும்பாலும் களிமண்ணும், தண்ணி பட்டா ஊதுற உமியும் இருக்கும். மாத்திரையையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு வெளிய போயிடும். பேதியில உப்பும் போயிருக்கு, மேல தண்ணியா ஊத்தி மிச்சத்தையும் கரைச்சிருக்கீங்க. மூளை தாங்குமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு கையால் மாத்திரை கொடுத்துவிட்டு, மறு கையால் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதுவும் எவ்வளவு அக்கறையாக!

அத்தான் அப்போதும் விடவில்லை. "அப்ப அந்தக் கசடு? கண்ணால பாத்தேன்மா. பாட்டில்ல வச்சிருக்கேன்."

"தினமும் குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்குறோம்யா. அப்படி ஒட்டிக்கிட்டிருக்கிற கசட இங்க யாருமே பாத்தது கிடையாது. குடல் தன் தோலத் தானே உரிச்சுப் புதுசாக்கிக்கும், தானே தள்ளிக்கும். அதுக்குள்ள துரு ஏறாது."

அவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அந்தச் சாவியைப் பிடுங்கி அவர் தலையிலேயே ஒன்று போடலாம் போல இருந்தது.

அக்காவுக்கு மாற்றுத் துணி எடுக்க இருவரும் வீட்டுக்குப் போனோம்.  அடுப்படியில் காலையில் அக்கா குடித்த டம்ளர் அப்படியே கிடந்தது. அடியில் பொடி கட்டியாகப் பிடித்திருந்தது. கழுவலாம் என்று குழாயைத் திறந்தேன். தண்ணீர் இறங்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் ஏறிக்கொண்டே வந்தது.

"நல்லா இருக்கு" என்றேன். "ஊர் அடைப்பெல்லாம் எடுக்கிறவர் வீட்டுலயே அடைப்பு."

பழக்கதோஷம், உடனே குனிந்துவிட்டார். வாளியை அடியில் வைத்து, தொட்டிக்குக் கீழே இருக்கிற குழாய் வளைவைத் திருகிக் கழற்றினார். தண்ணீர் கொட்டியது. பின்னாலேயே ஏதோ பொதக்கென்று வாளியில் விழுந்தது. கையை விட்டு எடுத்தார்.

கறுப்பாக இருந்தது. ரப்பர் மாதிரி. கயிறாக நீண்டு, கழற்றிய வளைவு எப்படி இருந்ததோ அப்படியே அச்சு எடுத்த மாதிரி வளைந்திருந்தது.

தினமும் இருவருடைய டம்ளரையும் இந்தத் தொட்டியில்தான் கழுவிக்கொண்டிருந்தார். அந்த மிச்சம்தான் அடியில் போய் ஊறி, திரண்டு, இறுகியிருக்கிறது. அத்தான் எழுந்து போய் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துவந்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரலால் இழுத்துப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பேயறைந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"இங்க யார் குடலும் இல்லையே" என்றார்.

அவரைத் திட்டுவதற்கு நான் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பொடியத்தான் குடிச்சோம், பொடிதான் வந்திருக்கு. பொடியக் காட்டியே பொடிய வித்திருக்கேன். அவளுக்கு ஊத்திக் கொடுத்திருக்கேன்" என்று வாய் விட்டு அழுதார். நான் வளைவை எடுத்துத் திருகி மாட்டப் பார்த்தேன். எனக்கு மாட்டத் தெரியவில்லை. பிறகு அவரே எழுந்து மாட்டினார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியில், பொடி வாங்கின வீடுகளின் கதவையெல்லாம் தட்டினார். "குடிக்காதீங்க, நான் சொன்னது தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். ஒரு வீட்டம்மா, "ஏன் பைப்பண்ணே, எங்களுக்கு நல்லாத்தானே கசடு வருது?" என்றாள். அத்தான் அதற்குள் அடுத்த கதவைத் தட்டப் போய்விட்டார். நான்தான் நின்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அக்கா கண் திறந்தாள். வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. அந்தக் கை இனி இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்குமா என்று டாக்டரம்மாவாலேயே சொல்ல முடியவில்லை. அதெல்லாம் அவளுக்கு இன்னும் தெரியாது. எங்களை அடையாளம் கண்டு லேசாகச் சிரித்தாள். 

நர்ஸ் மாத்திரையைச் சின்னக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போனார். அக்கா அதைப் பார்த்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள். அவர் சொல்லாமல் அவள் எதையும் தொடமாட்டாள், இப்போதும்.

"முழுங்கலாமாங்க?" என்றாள். நாக்கு இன்னும் குழறியது. "இவ்வளவு கஷ்டப்பட்டுச் சுத்தம் பண்ணியிருக்கோம். மறுபடியும் உள்ள தங்கிடாதே?"

ஊரெல்லாம் வாய் கிழியப் பேசின மனுஷன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் குனிந்தார்.

"தங்கட்டும்மா" என்றார். "அது தங்கணும். தங்கினாத்தான் நீ இருப்ப."

அவளால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அத்தான்தான் தலையைத் தூக்கிப் பிடித்து, மாத்திரையை நாக்கில் வைத்து, அவள் முழுங்கும்வரை தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.