கிரேசுக்குத் தமிழ் விளங்காது என்று நினைத்தேன்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனாலும் எங்கள் ஊரான நீர்வேலியின் வாழைக்குலைகளைக் கொழும்புக்கு அனுப்பியே சொந்த லொறிகளும் மாடிவீடும் கண்டேன். எவருக்கும் பயந்து கதைத்ததில்லை.

உகண்டாவில் கிறிஸ்தவ ஊழியம் செய்யும் என் மகளும் மருமகனும் அங்கே கிரேஸ் என்ற சிறுமியைத் தத்தெடுத்தார்கள். அவளை ஊருக்குக் கூட்டிவர, விசாவுக்காக இரண்டு வருடங்கள் காத்திருந்தார்கள்.

போன மாதம் மகள் வீடியோவில் அழைத்தாள். "அப்பா, விசா கிடைச்சிட்டுது!" என்றாள். பக்கத்தில் கிரேஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் எங்கே விளங்கப்போகிறது என்று நினைத்து, ஆடு மாட்டைச் சொல்வதுபோல 'உது' என்று சுட்டி, "உதைச் சனத்துக்கு என்னெண்டு காட்டுறது?" என்று கேட்டுவிட்டேன்.

சிரிப்பு நின்றது. "அம்மா, உது எண்டால் நானோ?" என்றாள் கிரேஸ், எங்கள் ஊர்த் தமிழிலேயே. "அப்ப நான் அங்கை வரேல்லை."

"உங்களோடை கதைக்கத்தானே அப்பா அவள் தமிழ் பழகினவள்" என்று சொல்லி மகள் போனை வைத்தாள்.

எனக்குக் கூசிப்போனது. விசா இருந்தும் அவர்கள் இன்னும் டிக்கெட் போடவில்லை. இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடம் "என்ரை பேத்தி வாறாள்" என்று நானே முந்திச் சொல்கிறேன். ஒவ்வொரு மாலையும் வீடியோவில் அழைத்து, "கிரேஸ், அம்மப்பா கதைக்கிறன்" என்கிறேன். அவள் மகளின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். ஆனாலும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.