எலும்புக்குள் இருந்த கம்பி

செத்துப்போன குரங்குகளை வேகவைத்து, சதை நீக்கி, எலும்புகளை ஆய்வுக்குத் துலக்கிக் கொடுப்பதுதான் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் செல்லமுத்துவின் வேலை. பந்திங் சாலையில் லோரி மோதிச் செத்த ஒரு கிழட்டுப் பெண் குரங்கை அன்று துலக்கிக்கொண்டிருந்தான். இடது மணிக்கட்டில் பிரஷ் எதிலோ தட்டியது. எலும்பே வளர்ந்து பாதி மூடிவிட்ட ஒரு கம்பி வளையம். மூன்று முறுக்கு, முனை உள்பக்கமாக மடிப்பு.

அப்படி முறுக்குகிறவன் பந்திங்கில் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில் அவன் ஒருவன்தான். ஏழு வருஷத்துக்கு முன் அங்கே காவல் பார்த்தபோது, செம்பனை இளங்கன்றுகளைக் குரங்குகளிடமிருந்து காக்க அவன் வைத்த கண்ணி அது. வயிற்றில் குட்டி தொங்க, கம்பியைப் பிடுங்கிக்கொண்டு அலறி ஓடிய தாயைப் பார்த்து அன்று அவன் சிரித்தான். பாவி, சிரித்தான்!

“இங்க பாருங்கண்ணே,” என்றாள் விரிவுரையாளர் ரோகிணி. “வலது கை எலும்பு மட்டும் எவ்ளோ தடிச்சிருக்கு! ஒத்தக் கையாலயே இத்தன வருஷம் மரம் ஏறியிருக்கா லா. எந்தப் படுபாவி வச்சானோ! லேபல்ல ‘காயத்துக்குக் காரணம் தெரியவில்லை’ன்னு எழுதிடுங்க.”

சட்டம் தடுத்த கண்ணியை வைத்ததாக ஒப்புக்கொண்டால் வேலையும் மலேசியாவில் தங்கும் பெர்மிட்டும் போகும். புதுக்கோட்டையில் மகளின் படிப்பும் அதோடு நின்றுவிடும். பென்சிலை எடுத்து லேபலில் ‘காயத்துக்கு’ என்று எழுதத் தொடங்கினான். அந்த வளையமோ செத்த பிறகும் அந்தத் தாயை விடாமல் இறுக்கிக்கொண்டிருந்தது.

“காரணம் தெரியும், டாக்டர்,” என்றான். “நான்தான்.”