பொறுங்கக்காவின் கொக்கி

ஒரு பொருளை எந்தக் கட்டத்தில் கைவிடலாம்? டேங்க் மூடியைத் திருகி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே முகர்ந்து பார்க்கும்போதெல்லாம் பொறுங்கக்கா இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறாளோ என்று தோன்றும். பதில் வந்ததா என்பது முகத்தில் தெரியாது. மூடியை மேல்சட்டையில் துடைப்பாள். "பொறுங்க" என்பாள்.

பம்ப்செட்டோ, புல்வெட்டும் மெஷினோ, மருந்தடிக்கும் டேங்கோ, தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாருக்கும் கிடைக்கும் முதல் வார்த்தை அதுதான். "தேறுமாக்கா?" "பொறுங்க." "பேசாம புதுசு வாங்கிடவா?" "பொறுங்க." "அப்ப நாளைக்கு வரட்டா?" அதற்கும் அதே. அவளுடைய சொந்தப் பெயர் வாடிக்கையாளர்களுக்கு மறந்துபோய் வெகுகாலம் ஆகிறது. பட்டறைக்குள் புகை கிளம்பி ஒருவர் "தீ, தீ" என்று கத்தியபோதும் "பொறுங்க" என்றுதான் சொன்னாளாம். இது அவளுடைய அண்ணி சொல்லிச் சிரிக்கும் கதை. நடந்திருக்கவும் கூடும்.

பட்டறை, அண்ணன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அண்ணியின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே அதன் மேசை. அடுப்பில் ஒரு கண், மேசையில் ஒரு கண் என்று அண்ணி பல வருடங்களைக் கழித்திருக்கிறாள். பொறுங்கக்கா கழற்றிய திருகாணிகளைப் பழைய படுக்கை விரிப்பின் மேல் அவை மெஷினில் இருந்த இடத்தின்படியே பரப்பி வைப்பாள். விரிப்பில் மெஷினின் நிழல் விழுந்தது போல இருக்கும். அதன் அருகில் யாரும் தும்மக் கூடாது. கழுத்தில் எப்போதும் ஒரு முழம் பருத்திக் கயிறு தொங்கும். என்ஜினின் இறுகிய நட்டைக் கழற்றும்போது பிஸ்டன் நகர்ந்துவிடாமலிருக்க, பிளக் ஓட்டை வழியாக அந்தக் கயிற்றைத் திணித்து அடைப்பாள். "என்னக்கா, வேண்டுதல் கயிறா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, பிஸ்டனுக்கு."

அவளை விட வேகமான மெக்கானிக்குகள் இரண்டு தெரு தள்ளியே இருக்கிறார்கள். பட்டறையின் சுத்தத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன நாளில் எதையும் கொடுத்ததில்லை. நாள் சொல்வதே இல்லை என்பதால் அது குற்றமாகவும் ஆகாது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் "தேறாது" என்று சொல்லிக் கேட்டவர் யாரும் இல்லை.

அண்ணனின் ரம்பம் வந்தது இந்தப் பட்டறைக்குத்தான்.

அண்ணன் மரம் அறுப்பவன். பெரிய மரத்தைப் பக்கத்துக் கூரை மேல் விழாமல் சாய்க்க வேண்டுமென்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனுடைய சங்கிலி ரம்பம் அவன் கல்யாணத்தை விடப் பழையது. செய்த கம்பெனியே இப்போது இல்லை. சிவப்புப் பெயின்ட் செங்கல் நிறமாக வெளுத்துவிட்டது. இடுப்பைக் கொடுத்துத்தான் தூக்க முடியும். ஒரு புயலுக்கு மறுநாள், விழுந்து கிடந்த மரத்தை அறுக்கும்போது ரம்பத்தின் நுனி இலைக்குள் மறைந்திருந்த கிளையொன்றில் பட்டது. மெஷின் துள்ளியது. அவன் இடது கையில் இரண்டு விரல்கள் அன்றிலிருந்து மடங்குவதில்லை. ரம்பம் எகிறிப் பாறை மேல் விழுந்தது. யாரோ தூக்கி வந்து பட்டறை மூலையில் போட்டு, மேலே சாக்கைப் போர்த்தினார்கள்.

பிறகு மரக்கடையில் கட்டை அளக்கும் வேலை அவனுக்குக் கிடைத்தது. போவான், வருவான், நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பான். கேட்டால் பதில் வரும். கேட்காமல் எதுவும் வராது. அண்ணி கேட்டுக் கேட்டு அலுத்து, கேள்விகளைக் குறைத்துக்கொண்டாள். ஒரு வீட்டில் பேச்சு குறைவது தண்ணீர் வற்றுவது போல. அடி தெரியும்போதுதான் உறைக்கும்.

ஒருநாள் அவனாகவே பட்டறை வாசலில் வந்து நின்றான். சாக்கைக் காலால் விலக்கினான்.

"பாப்பா, இது ஓடுமா?"

தங்கைக்கு வயது ஐம்பதை நெருங்கினாலும் அவனுக்குப் பாப்பாதான். ஜன்னலில் நின்றிருந்த அண்ணியின் கையிலிருந்து கரண்டி நழுவியது. கேட்காமல் வந்த முதல் பேச்சு இது. அதுவும் எதைப் பற்றி!

"பொறுங்கண்ணே" என்றாள் பொறுங்கக்கா. மூடியைத் திருகி முகர்ந்தாள்.

அவன் உள்ளே போனதும் அண்ணி பட்டறைக்கு வந்தாள். "ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? கடிச்ச பாம்புக்குப் பல்லு கட்டிவிடப் போறியா?"

"பொறுங்க அண்ணி."

"நான் என்ன பம்ப்செட்டா, பொறுங்கங்கறே?"

பொறுங்கக்கா சிரித்தாள். ஆனால் படுக்கை விரிப்பை உதறி விரித்தாள்.

உதிரிபாகம் கேட்டுப் போன இடத்திலெல்லாம் சிரிப்புதான் கிடைத்தது. "இந்த மெஷினுக்கா? பூமிக்கடியில தோண்டிப் பாருங்கக்கா." அதே வகை ரம்பம் இன்னொன்று ஒரு கடை வாசலில் அலங்காரத்துக்கு இருந்தது, சொந்தக்காரருக்குக் கழற்றித் தர மனமில்லை. ஆக, வாங்க முடியாததைச் செய்ய வேண்டியதாயிற்று. கார்புரேட்டருக்குள் இருந்த மெல்லிய ரப்பர் காய்ந்த சருகாகியிருந்தது. பழைய கேஸ் ரெகுலேட்டரைப் பிளந்து அதிலிருந்த ரப்பரை வெட்டிப் பொருத்தினாள். இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டுக்குத் தடித்த காகிதத்தை இரும்பின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் விளிம்பெல்லாம் மெல்லத் தட்டினாள். இரும்பே தனக்கு வேண்டிய வடிவத்தை வெட்டிக்கொண்டது. பழைய மெஷினில் கைக்கு மறைப்பு கிடையாது. முன்பிடிக்கு எதிரே ஓர் இரும்புத் தகட்டை வளைத்து மாட்டினாள். அதைப் பார்த்து அண்ணன் முகம் சுளித்தான். "அசிங்கமா இருக்கு பாப்பா." "விரலை விட அழகாத்தான் இருக்கு."

மாலையில் அண்ணன் பட்டறையில் வந்து உட்காரத் தொடங்கினான். முதலில் விளக்கைப் பிடித்தான். பிறகு பேசினான். எந்த மரம் எந்தப் பக்கம் சாயும் என்பதை அதன் அடிப்பட்டையைப் பார்த்தே சொல்லலாம் என்றான். ஒரு மரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டு மரத்துக்காரரின் கோழிக்கூண்டை நசுக்கிய கதையைச் சொல்லி, கோழி போலவே கத்திக் காட்டினான். காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அவன் குரல் இப்படி ஏறி இறங்கும் என்பதே அவளுக்கு மறந்திருந்தது.

அன்று அவளுக்கு ஒன்று தெளிவானது. மெஷின் பிரிந்து கிடக்கும் வரை அவன் பேசுவான். அது ஓடிவிட்டால் மறுபடி மரம் அறுக்கப் போய்விடுவான். ஆகவே வேலை நடக்க வேண்டும். முடியக் கூடாது.

இதற்கு வழியும் கண்ணெதிரிலேயே இருந்தது. ரம்பத்தைக் கிளப்பக் கயிற்றைச் சுண்டி இழுக்கும்போது, விரல்நகம் அளவில் ஒரு கொக்கி வெளியே நீண்டு என்ஜின் சக்கரத்தைக் கவ்வும். கொக்கி இல்லையென்றால் கயிறு வெறுமனே கைக்கு வரும், என்ஜின் அசையாது. பாறையில் விழுந்தபோது அந்தக் கொக்கி இரண்டாக உடைந்திருந்தது. துண்டுகளைச் சேர்த்து வைத்து, அளவு பார்த்துப் புதிதாக ஒன்றை அரத்தால் ராவ வேண்டும் என்று பொறுங்கக்கா ஒரு பாட்டில் மூடியில் போட்டு வைத்திருந்தாள். ஒருநாள் காலையில் அண்ணி, வழக்கமில்லாத வழக்கமாக, துடைப்பத்தோடு பட்டறைக்குள் போனாள். திரும்பும்போது முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது. சமையலறை மேல்தட்டில், உப்பு ஜாடிக்குப் பின்னால், பொத்தானும் நூலும் கிடக்கும் ஒரு தகர டப்பா. துண்டுகள் அதற்குள் போயின.

"அண்ணி, மேசைல மூடிக்குள்ள உடைஞ்ச கொக்கி வெச்சிருந்தேன்..."

"நான் எதுக்கும்மா உன் இரும்பையெல்லாம் தொடறேன்?"

"சரி."

பொறுங்க என்று அவள் சொல்லாதது அண்ணிக்கு உறுத்தியது. நாலு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

மாதிரிக்கு இருந்த துண்டுகள் போனபின் வேலை நின்றுவிடும் என்று அண்ணி நினைத்தாள். பொறுங்கக்கா சக்கரத்தையும் கயிற்றுருளையையும் வெயிலில் கொண்டுபோய் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருடமும் கொக்கி எங்கெல்லாம் உரசியதோ அங்கெல்லாம் இரும்பு பளபளத்தது. உரசாத இடம் மங்கிக் கிடந்தது. இல்லாத ஒன்றின் வடிவம், அது தொட்ட மற்றவற்றில் இருந்தது. மனிதர்களுக்கும் இது பொருந்துமா என்பது வேறு கேள்வி. பொறுங்கக்கா ஜன்னலுக்கு வந்தாள்.

"கண்மை கொஞ்சம் குடுங்க அண்ணி."

"இந்த வயசுல யாரை மயக்கப் போறே?"

"கொக்கியை."

மையைத் தடவிப் பொருத்திப் பார்ப்பாள், மை அழிந்த இடத்தை ராவுவாள், மறுபடி தடவுவாள். முதல் கொக்கியை உடைந்த அரத்திலிருந்து செய்தாள். அது கண்ணாடி போல் இறுகி, ஒரே இழுப்பில் தெறித்தது. அடுத்ததைச் சாதாரண இரும்பில் செய்தாள். காதுமடல் போல் மடங்கிக்கொண்டது. இரண்டு முறையும் அண்ணன் முகம் வாடியது. இரண்டு முறையும் ஜன்னலில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. ஆனால் இரண்டாம் முறை அந்தப் பெருமூச்சு அண்ணிக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அன்று மாலை அவன் பட்டறைக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான்.

மூன்றாவது கொக்கியோடு பொறுங்கக்கா சமையலறைக்கே வந்தாள். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக்கிய கொக்கி அது. அடுப்பின் மேல் இரும்புச் சட்டியை வைத்து, தீயைக் குறைத்து, அதைச் சட்டியில் போட்டாள்.

"இரும்பு மெல்ல நிறம் மாறும் அண்ணி. தேன் நிறம் வந்ததும் எடுக்கணும். முந்தினா முதல் கொக்கி மாதிரி உடையும். பிந்தினா ரெண்டாவது மாதிரி மடங்கும். எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை. நீங்க பார்த்துச் சொல்லுங்க."

தலைமுடி அளவு விரிசலைக் கூரையடி இருட்டில் கண்டுபிடிக்கிறவளுக்குக் கண் தெரியவில்லையாம். அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். பொறுங்கக்கா இடுக்கியைப் பிடித்துக்கொண்டு சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் அண்ணன் வந்து நின்றான். மடங்காத இரண்டு விரல்களும் கதவு நிலையில் நீட்டிக்கொண்டிருந்தன.

இரும்பு வெளிறிய வைக்கோல் நிறத்துக்கு வந்தது. இப்போது "எடு" என்றால் உடையும். கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் மடங்கும். பொய் சொல்லக்கூட வேண்டாம், தாமதித்தால் போதும். ஓரத்திலிருந்து நிறம் ஊறியது. மஞ்சள். இன்னும் கொஞ்சம்.

"இப்ப! எடு, எடு, எடுடி!"

இடுக்கி பாய்ந்தது. கொக்கி எண்ணெயில் சீறியது. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுப்படியை நாறடிச்சாச்சு" என்று யாரையும் பார்க்காமல் திட்டினாள்.

மறுநாள் காலை அண்ணன் முற்றத்தில் ரம்பத்தைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தான். இருமியது. மறுபடி இழுத்தான். நீலப்புகை விட்டுச் செத்தது. "பொறுங்கண்ணே" என்று பொறுங்கக்கா ஒரு திருகாணியை இம்மியளவு திருப்பினாள். அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அண்ணி காதைப் பொத்திக்கொண்டாள், கண்ணைப் பொத்தவில்லை. அவன் இடது கையை அந்த அசிங்கமான தகட்டுக்குப் பின்னால் வைத்து, மீதி விரல்களால் பிடியை இறுக்கி, ஒரு கட்டையின் நுனியில் ஒரு வட்டம் அறுத்தான். ரொட்டித் துண்டு போல அது உருண்டு ஓடி அண்ணியின் ஜன்னலுக்குக் கீழே விழுந்தது. மெஷினை அணைத்த பிறகும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

சத்தம் கேட்டு மரக்கடைக்காரர் வேலியருகே வந்துவிட்டார். "அடேயப்பா, எழுந்துடுச்சே! பள்ளிக்கூடத்துப் பின்னால ஒரு மரம் சாஞ்சு நிக்குதுப்பா. எப்ப வர்றே?"

அண்ணன் ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலில் ஆள் இல்லை.

பொறுங்கக்கா முட்டி போட்டு உட்கார்ந்தாள். ரம்பத்தின் பக்கமூடியைக் கழற்ற ஆரம்பித்தாள். அண்ணன் என்ன ஏது என்று கேட்கவில்லை. குனிந்து, அவள் எடுத்துக் கொடுத்த திருகாணிகளைத் தன் இடது உள்ளங்கையில் வாங்கிக்கொண்டான். கொக்கி வெளியே வந்தது. தேன் நிறம் இன்னும் அதில் இருந்தது. அந்த மெஷினுக்கு உலகத்தில் வேறு கொக்கி இல்லை.

"என்னப்பா, பதிலே காணோம்?" என்றார் மரக்கடைக்காரர்.

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்."

"கேட்டுக்க, கேட்டுக்க. அந்த மெஷினுக்கு இல்லாத பிரேக்கு வீட்டுல இருக்கு போல."

பொறுங்கக்கா சமையலறைக்குள் வந்தாள். அண்ணி அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், அடுப்பு எரியவில்லை. பொறுங்கக்கா எதுவும் கேட்கவில்லை, எங்கேயும் தேடவில்லை. கையை உயர்த்தி, உப்பு ஜாடியை நகர்த்தி, அதன் பின்னாலிருந்த தகர டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். பொத்தான்களுக்கு நடுவே கிடந்த இரண்டு துண்டுகளுக்குப் பக்கத்தில் புதுக் கொக்கியைப் போட்டு மூடினாள். டப்பாவைத் தட்டில் திரும்ப வைக்காமல், அண்ணியின் கையைப் பிடித்து இழுத்து அதில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கிவிட்டாள்.

பிறகு கழுத்துக் கயிற்றைச் சரிசெய்துகொண்டு பட்டறைக்குப் போய், காத்திருந்த ஒரு பம்ப்செட்டின் மூடியைத் திருகி, கண்ணை மூடி முகர்ந்து பார்த்தாள்.